ஓரத்தில் எழுதிய இரண்டு சொற்கள்



வழக்கமாக இந்தப் பகுதியில் ஒரு வேதபாகத்தை எடுத்துக்கொண்டு உங்களோடு தியானிப்பேன். இந்த வாரம் ஒரு நாவலைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் கடவுளர்களும் மாய மாளிகையும் அரசகுமாரிகளும் வருகிற, காதலை நடுவில் வைத்த ஒரு கற்பனைக் கதை. போதகருக்கு இதெல்லாம் எதற்கு என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். தாவீது ராஜாவின் பாவத்தை அவனுக்கு உணர்த்த நாத்தான் தீர்க்கதரிசி கையாண்டது ஒரு கதையைத்தான் என்று அவளுக்குப் பதில் சொன்னேன். அந்தப் பதில் எவ்வளவு தூரம் என்மேலேயே திரும்பி வரும் என்று அப்போது நான் அறியவில்லை.

சிக்குன்குனியா காய்ச்சல் கண்டு மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். காய்ச்சல் விட்டபின்னும் விரல் மூட்டுகளில் வலி விடவில்லை. கனமான நூல்களைத் தூக்கிப் பிடிக்க முடியாமல், அலமாரியிலிருந்து மெல்லிய புத்தகமாக ஒன்றை எடுத்துத் தரும்படி மகளிடம் கேட்டேன். அவள் எடுத்து வந்தது, 1991-இல் இறையியல் மாணவனாக இருந்தபோது நடைபாதைக் கடையொன்றில் வாங்கிய பழைய பிரதி. சி. எஸ். லூயிஸ் எழுதிய 'டில் வீ ஹாவ் ஃபேஸஸ்'. 'நமக்கு முகங்கள் உண்டாகும்வரை' என்று தமிழில் சொல்லலாம். அட்டை கழன்று, தாள்கள் பழுத்துப் போயிருந்தன. அப்போதெல்லாம் கையில் பென்சில் இல்லாமல் நான் எதையும் வாசிப்பதில்லை. ஆகவே இருபத்துநான்கு வயது இளைஞன் ஒருவனின் கையெழுத்து அதன் பக்கங்களின் ஓரமெல்லாம் நிறைந்திருந்தது.

நார்னியாக் கதைகளை எழுதியவராக லூயிஸை நீங்கள் அறிந்திருக்கலாம். அவருடைய கடைசி நாவல் இதுதான். 1956-இல் வெளிவந்தது. ஜாய் டேவிட்மன் என்ற பெண்மணிக்கு அதைக் காணிக்கையாக்கியிருக்கிறார். அதே ஆண்டில்தான் அவரை லூயிஸ் மணந்தார். தாம் எழுதிய கதைகளிலேயே சிறந்தது இதுவே என்பது லூயிஸின் எண்ணம். வாசகர்கள் அப்படி நினைக்கவில்லை. வெளிவந்த காலத்தில் புத்தகம் நன்றாக விற்கவுமில்லை. நானும் அந்த வாசகர்களில் ஒருவனாகவே இருந்தேன். முதல் வாசிப்பில் எனக்கு அது பிடிக்கவில்லை. காதல் கதை என்று நம்பி வாங்கினேன். காதலர்கள் இருவரும் கதையின் விளிம்பில் எங்கோ இருந்தார்கள். நடுவில் அமர்ந்து பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டிருந்தவளோ, அழகற்ற, கோபக்காரியான ஒரு வயதான அரசி.

கதையின் மூலம் மிகப் பழையது. வட ஆப்பிரிக்காவின் மதௌரா ஊரில் பிறந்த அப்புலேயஸ் என்ற இலத்தீன் எழுத்தாளர் இரண்டாம் நூற்றாண்டில் அதை எழுதிவைத்தார். சைக்கி என்ற பேரழகியை ஒரு தேவன் காதலித்து, மாயமான மாளிகையில் வைத்து வாழ்கிறான். இரவில் மட்டும் வருகிறான். தன் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று கட்டளையிடுகிறான். அவளுடைய அக்காமார் இருவரும் மாளிகையைக் கண்டு பொறாமை கொண்டு, விளக்கேற்றி அவன் முகத்தைப் பார்க்கும்படி அவளைத் தூண்டுகிறார்கள். பார்க்கிறாள், அனைத்தையும் இழக்கிறாள். பல பாடுகளுக்குப் பின் இருவரும் மீண்டும் சேர்கிறார்கள்.

லூயிஸ் இதில் மையமான ஒரு மாற்றம் செய்தார். அந்த மாற்றத்தில்தான் முழு நாவலும் நிற்கிறது. அக்காளுடைய கண்களுக்கு மாளிகை தெரியவில்லை.

குளோம் என்ற சிறு நாட்டின் மூத்த அரசகுமாரி ஓருவல். அவள்தான் கதைசொல்லி. தாயை இழந்த தங்கை சைக்கியைத் தன் பிள்ளையாகவே வளர்த்தவள். நாட்டில் கொள்ளைநோயும் பஞ்சமும் வந்தபோது, சைக்கியை மலைத்தேவனுக்குப் பலியாகக் கொடுக்க வேண்டுமென்று உங்கிட் தேவதையின் பூசாரி கூறுகிறான். மரத்தில் கட்டி விட்டுவிட்டு வருகிறார்கள். எலும்புகளையாவது அடக்கம் செய்யலாம் என்று, காவற்படைத் தலைவன் பார்டியாவை அழைத்துக்கொண்டு மலையேறும் ஓருவல், ஆற்றின் மறுகரையில் தங்கையை உயிரோடு காண்கிறாள். கந்தலுடுத்தியிருந்தும் அவள் முகம் ஒளி வீசுகிறது. திராட்சரசம் என்று சொல்லித் தங்கை கொடுப்பது அக்காளுக்கு வெறும் தண்ணீராகத் தெரிகிறது. இதோ என் மாளிகை என்று அவள் காட்டுமிடத்தில் புல்வெளி மட்டுமே இருக்கிறது.

தங்கைக்குப் பித்துப் பிடித்திருக்கிறதா, எவனோ ஒரு கள்வன் இருளில் வந்து அவளை ஏமாற்றுகிறானா என்று ஓருவல் தவிக்கிறாள். இரண்டாம் முறை மலையேறும்போது ஒரு விளக்கையும் குத்துவாளையும் கொண்டுபோகிறாள். தன் கையைத் தானே குத்திக்கொண்டு, நீ விளக்கேற்றி அவன் முகத்தைப் பார்க்காவிட்டால் உன்னையும் கொன்று நானும் சாவேன் என்று தங்கையை மிரட்டுகிறாள். அக்காளின் உயிரை எண்ணி, நேரப்போவது தெரிந்தே, சைக்கி சம்மதிக்கிறாள். அன்றிரவே எல்லாம் குலைந்துபோகிறது. அழுதுகொண்டே நாடோடியாகப் போகும் தங்கையின் குரலைக் கேட்டபடி ஓருவல் தனித்து நிற்கிறாள். பின்னாளில் முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு அரசியாகி, நாட்டை நீதியாய் ஆள்கிறாள். முதுமையில் தேவர்கள்மேல் ஒரு வழக்கை எழுதுகிறாள். நாவலின் முதற்பகுதி முழுவதும் அந்த வழக்குரைதான்.

இருபத்துநான்கு வயதில் நான் அவள் கட்சியில் இருந்தேன். 'நியாயமான கேள்வி', 'யோபு!', 'இதற்கு என்ன பதில்?' என்றெல்லாம் ஓரங்களில் எழுதி, ஆச்சரியக்குறிகளைத் தாராளமாகப் போட்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாததை ஒருத்தி எப்படி நம்புவாள்? அன்பு நிமித்தம் செய்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? அவள் வாதம் எனக்கு உடைக்க முடியாததாகத் தோன்றியது. இரண்டாம் பகுதி மிகச் சிறியது. நானோ அவசரமாகப் புரட்டி முடித்திருக்கிறேன். அங்கே பென்சில் குறிகள் மிகவும் குறைவு.

மறுவாசிப்பில் முதலாவது என்னைத் தடுத்து நிறுத்தியது ஒரு சிறு காட்சி. முதல்முறை மலைக்குப் போன இரவுக்குப் பின், விடியுமுன் மூடுபனியில் ஆற்றங்கரையில் குனிந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தலை நிமிரும் ஓருவல், மறுகரையில் அந்த மாளிகையைக் காண்கிறாள். சில கணங்கள்தான். பனி சுழல்கிறது, மாளிகை மறைகிறது. 1991-இல் இந்தப் பத்தியின் ஓரத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. மாயக் கதையில் ஒரு மாயக் காட்சி என்று கடந்து போயிருப்பேன். இந்தமுறை அதற்கடுத்து அவள் செய்வதைக் கவனித்தேன். வீடு திரும்பித் தன் ஆசானாகிய கிரேக்க அடிமையிடம் நடந்ததைச் சொல்லி அறிவுரை கேட்கிறாள். இந்த ஒன்றை மட்டும் அவரிடம் மறைத்துவிடுகிறாள். தனக்கு வேண்டிய தீர்ப்பு கிடைப்பதற்கு எது தடையோ அதைச் சாட்சியத்திலிருந்து எடுத்துவிடுகிறாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. நம்மில் பலர் ஜெபத்தில் கூட இப்படித்தான் பேசுகிறோம் அல்லவா?

இது தெரிந்தபின் முதற்பகுதி வேறொரு புத்தகமாகிவிட்டது. அவளுடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் இருமுறை வாசிக்க வேண்டியதாயிற்று. தங்கையை நேசித்தாள், மெய்தான். ஆனால் தங்கை தன்னிடமன்றி வேறெவரிடமாவது மகிழ்ச்சியாயிருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. சைக்கி பசியோடு அலைந்திருந்தால் ஓருவல் அவளைத் தோளில் சுமந்திருப்பாள். அவள் நிறைவோடு இருந்ததுதான் குற்றம். ஆசானுக்கு விடுதலை கொடுக்கிறாள். அவர் தம் சொந்த நாட்டுக்குப் போகக்கூடும் என்று அறிந்ததும் அப்படித் துவண்டுபோகிறாள். அந்தக் கிழவர் அவளுக்காகத் தங்கிவிடுகிறார். முதல் வாசிப்பில் அது எனக்கு நெகிழ்ச்சியூட்டும் நட்பாகத் தெரிந்தது. அவர் கடலைப் பார்க்காமலே செத்துப்போனார் என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

இனி நான் சொல்லவேண்டியது பார்டியாவைப் பற்றி.

இந்த நாவலில் உள்ள உண்மையான காதல் கதை இதுவென்றே இப்போது எண்ணுகிறேன். காவற்படைத் தலைவனாகிய பார்டியா அரசிக்கு வாட்போர் கற்பித்தவன், யுத்தத்தில் அருகில் நின்றவன், அரசவையில் அவளுக்கு வலக்கை. அவன் நல்லவன், உண்மையுள்ளவன், தன் மனைவி ஆன்சிட்டை நேசிப்பவன். அரசி அவனைச் சொல்லாமலே காதலிக்கிறாள். சொல்ல முடியாத அந்தக் காதல் வேறு வழியில் வெளிப்படுகிறது. வேலை கொடுக்கிறாள். ஆலோசனை கேட்கிறாள். தேவையற்ற வேலைகளையும் சேர்த்து, அவன் வீட்டுக்குப் போகும் நேரத்தைத் தள்ளிக்கொண்டே போகிறாள். வருடங்கள் பல கழிகின்றன. ஒருநாள் அவன் நோயில் விழுகிறான். நோய் பெரிதன்று, அவனிடம் எதிர்த்து நிற்க வலுவில்லை. இறந்துபோகிறான். துக்கம் விசாரிக்கப் போகும் அரசியிடம் ஆன்சிட், அமைதியாக, என் கணவனைக் கொன்றது உன் வேலைதான் என்று உணர்த்துகிறாள். என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று அரசி கேட்கிறாள். அவனுடைய வேலையை அவனிடமிருந்து பறித்து அவனை எனக்குரியவனாக்கிக்கொள்ள நான் விரும்பவில்லை என்ற பொருளில் ஆன்சிட் பதில் சொல்கிறாள்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில் இரண்டு சொற்கள் இருந்தன: 'இரக்கமற்ற பெண்.'

புத்தகத்தை மூடி வைத்தேன். அன்று மேலும் வாசிக்கவில்லை.

இதற்கு முன் இருந்த சேகரத்தில் எனக்கு ஒரு உபதேசியார் இருந்தார். ஒன்பது கிராமச் சபைகள் அடங்கிய சேகரம் அது. ஏழு ஆண்டுகள் நாங்கள் சேர்ந்து ஊழியம் செய்தோம். விடியற்காலையில் கோயில் மணியடிப்பதிலிருந்து, வியாதியஸ்தரைச் சந்திப்பது, சங்கக் காணிக்கை சேர்ப்பது, அடக்க ஆராதனைக்குப் பாட்டுப் புத்தகங்களைச் சுமந்துவருவது வரை எல்லாம் அவர்தான். இந்தப் பதிவுகளைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் அவரை நான் பலமுறை புகழ்ந்து எழுதியதை நினைவுகூரக்கூடும். அவர் இல்லாமல் என்னால் ஒன்றும் செய்ய இயலாது என்று பீடத்திலிருந்தே சொல்லியிருக்கிறேன். அவர் தலைகுனிந்து சிரிப்பார். அதைச் சொன்னபோது அன்பாகவே சொன்னேன். அதுவும் மெய்தான்.

சனிக்கிழமை இரவுகளில், மறுநாள் ஆராதனை ஒழுங்குகளெல்லாம் முடிந்தபின்னும் அவரைப் போகவிடமாட்டேன். பேச ஆள் வேண்டும் எனக்கு. பிரசங்கத்தை அவரிடம் சொல்லிப் பார்ப்பேன். பத்து, பத்தரைக்கு அவருடைய மொபெட் புறப்படும்.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அசனப் பண்டிகை நெருங்கிய சமயத்தில் வலதுகாலில் ஒரு புண் வந்தது. நொண்டி நடந்ததைப் பார்த்தேன். "அசனம் முடியட்டும், நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்" என்றேன். அசனம் முடிந்தது. அடுத்து திடப்படுத்தல் ஆராதனைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. அதற்கடுத்து வேறொன்று. நான் கூட்டிப்போகவில்லை. அவராகப் போனபோது காலத்தாமதமாகிவிட்டது. முழங்காலுக்குக் கீழ் எடுத்தார்கள். அதன்பின் நாற்பது நாள் கூட அவர் இருக்கவில்லை.

அடக்க ஆராதனையில் நான் ஆற்றிய செய்தியைப் பலர் பாராட்டினார்கள். அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். அவருடைய மனைவி கதவுநிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்கள்: "ஐயா, உங்க போன் வந்தா சோத்துல வச்ச கைய உதறிட்டு எழும்புவாக. நான் மூடி வச்சிட்டுக் காத்திருப்பேன். ஏழு வருஷமா மூடி வச்ச சோறுதான் ஐயா எனக்கு நெனப்பு இருக்கு."

நான் ஜெபித்துவிட்டு வந்தேன். அன்றிரவு என் குறிப்பேட்டில், துக்கம் மனிதரை நன்றியற்றவராக்கும் என்று எழுதினேன். அதைவிட மோசமான ஒன்றையும் எழுதியிருக்கிறேன். இங்கே சொல்ல மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக அந்த அம்மாவின் வார்த்தைகளை ஒரு அநியாயமாகவே நான் சுமந்து வந்தேன். இடமாற்றம் கிடைத்தபோது, அந்த வீட்டைக் கடந்து போகவேண்டியதில்லை என்று உள்ளூர ஓர் ஆறுதலும் இருந்தது.

நாத்தான் சொன்ன கதையைக் கேட்ட தாவீது, அந்த ஐசுவரியவான்மேல் எவ்வளவு கோபப்பட்டான் என்பதை நீங்கள் அறிவீர்கள். நானோ ஆன்சிட்மேல் கோபப்பட்டு, அதைப் பென்சிலால் பதிவும் செய்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரமாக அலமாரியில் வைத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மீதியை வாசித்தேன். முன்பு அவசரமாகப் புரட்டிய பக்கங்களை இந்தமுறை ஒரு நாளைக்கு ஐந்தாறு என்றே வாசிக்க முடிந்தது. தரிசனம் போன்ற ஒன்றில் ஓருவல் மாண்டோரின் சபையில் நிற்கிறாள். வழக்கை வாசிக்கும்படி நியாயாதிபதி கட்டளையிடுகிறார். தான் எழுதிய பெரிய நூல் என்று நினைத்துக் கையில் பார்த்தால், அது கசங்கிய ஒரு சிறு சுவடி. அதிலிருப்பதை வாசிக்கிறாள், முடிந்ததும் மறுபடி தொடக்கத்திலிருந்து வாசிக்கிறாள், எத்தனை முறை வாசித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அழகான காரணங்கள் ஒன்றும் அதில் இல்லை. அவள் எனக்குரியவள், ஏன் எடுத்தாய் என்பது மட்டுமே இருக்கிறது. நியாயாதிபதி நிறுத்துகிறார். பதில் கிடைத்ததா என்று கேட்கிறார். கிடைத்தது என்கிறாள். ஒருவரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. தன் குரலைத் தானே கேட்டதுதான் பதில்.

இளைஞனாக இருந்தபோது இதை நழுவல் என்று நினைத்தேன். யோபுவின் கேள்விகளுக்கு விடையில்லாததால் கதாசிரியர் நீதிமன்றத்தைக் கலைத்துவிட்டார் என்று ஒரு குறிப்பு கூட எழுதியிருக்கிறேன். இப்போது அந்தக் குறிப்பைப் பார்க்கையில் எனக்கு அவன்மேல், அந்த மாணவன்மேல், பரிவே உண்டாகிறது. அவனுக்கு அப்போது குற்றச்சாட்டுகள் இருந்தன, குற்றங்கள் அதிகமில்லை.

நாவலில் குறைகளும் உண்டு. முதல் ஐம்பது பக்கங்கள் மெதுவாகவே நகரும். ஊடே வரும் போர், அரசாட்சிச் செய்திகள் எனக்கு இந்தமுறையும் சுவைக்கவில்லை. கிறிஸ்துவின் நாமம் அதில் ஓரிடத்திலும் வராது; புறமதத்தாரின் உலகத்தை அப்படியே விட்டிருக்கிறார். ஆகவே ஞானஸ்நானப் பரிசாக யாருக்கும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். முன்பு பிடிக்காமல் போன ஏதாவது ஒரு புத்தகம் உங்கள் வீட்டில் இருக்குமானால், அதை எடுத்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பழைய கையெழுத்து அதில் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆன்சிட்டோடு பேசும்போது நடப்பதை நான் அடியோடு மறந்திருந்தேன். அரசி முக்காட்டை விலக்கித் தன் முகத்தைக் காட்டுகிறாள். அதைப் பார்த்தவுடன் ஆன்சிட்டுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது: இவளும் அவனை நேசித்தவள். இரு பெண்களும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அந்தக் கணம் நீடிக்கவில்லை. பழைய கசப்பு சீக்கிரமே திரும்பி வருகிறது. லூயிஸ் அதை இனிப்பாக முடிக்காமல் விட்டதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன்.

நடக்க முடிந்ததும் பேருந்து ஏறி அந்தக் கிராமத்துக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து, பிரசங்கம் போல ஆயத்தம் செய்துகொண்டு, வீட்டு வாசலை அடைந்தபோது அத்தனையும் மறந்துபோயிற்று. "அசனம் முடியட்டும்னு சொன்னது நான்தாம்மா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அந்த அம்மா சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தெரியும் ஐயா" என்றார்கள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகள் செவிலியர் படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். தேநீர் தந்தார்கள். ஜெபிக்கட்டுமா என்று வழக்கம்போல் நான் கேட்டபோது, "இன்னொரு நாள் வந்து பண்ணுங்க ஐயா" என்றார்கள். நான் அப்படியே எழுந்து வந்தேன்.

இப்போதுள்ள சேகரத்திலும் எனக்கு ஓர் உபதேசியார் இருக்கிறார். இளைஞர், இரண்டு வயதில் ஒரு பெண்குழந்தை. கடந்த சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்றேன். அவர் திகைத்து நின்றார். சைக்கிள் அருகில் போனவர் திரும்பி வந்து, "ஐயா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டார்.